கீழ்வீட்டுக்காரனின் நிழல்

அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு அடையாள அட்டை இருந்தது. அதிலிருந்த புகைப்படம் ஏதோ ஒரு மழைக்காலத்தில் நனைந்து, மூக்குக்கு மேலே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மீசையும் மோவாயும் மட்டும் மிச்சம். சின்ன வயதில் அந்த மீசைக்கு மேலே பென்சிலால் கண் வரைந்து, அம்மாவிடம் அறை வாங்கியிருக்கிறாள்.

சினிமாவில் வேலை பார்த்தவருக்கு ஒரு போட்டோ கூடவா இல்லை என்று கேட்பவர்களுக்கு அம்மா ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"விளக்கு பிடிக்கறவன் மூஞ்சி எந்தப் படத்துல விழுந்திருக்கு?"

அப்பா லைட்மேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஈரத் தரையில் கிடந்த ஒயர் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அன்றைக்குப் படப்பிடிப்பு மத்தியானம் வரை நின்று, பிறகு நடந்தது.

வீட்டுக்கு அவர் விட்டுப்போனது ஒரு நிழல். அதை அம்மா சொத்து மாதிரி காத்தாள்.

'கீழ்வீட்டுக்காரன்' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கடைசிக் காட்சியில் கொலைகாரன் படியேறி வருகிறான். அவனைக் காட்டாமல் சுவரில் அவன் நிழலை மட்டும் காட்ட வேண்டும். கொலைகாரனாக நடித்த கதாநாயகன் அன்றைக்கு வேறொரு படத்துக்குப் போய்விட்டார். டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். உயரம் ஒத்துவந்தது அப்பாவுக்குத்தான். கோட்டையும் தொப்பியையும் மாட்டி, "நீ போய் நில்லுய்யா, நிழல்தானே" என்றார். விளக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அப்பா போய் நின்றார். தீக்குச்சி உரசி சிகரெட் பற்றவைக்க வேண்டும். முடிந்தது வேலை. சம்பளம் வழக்கமான சம்பளம்தான்.

படம் வந்ததும் அம்மாவை அழைத்துப் போனார். அம்மா நிறைமாதம். அந்த இடம் வந்தபோது முழங்கையால் இடித்து, "இப்பப் பாரு" என்றிருக்கிறார். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியின் தொடையில் தட்டி, "அது எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். அந்தப் பெண் "எது?" என்றாள். அம்மா திரும்பி விரலை நீட்டியபோது திரையில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"பெருமை பீத்தப் போய் கோட்டை விட்டேன்" என்பாள் அம்மா. "அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். போகட்டும், நாளைக்கு மறுபடி வருவோம்னார். மறுநாள் போனா போஸ்டரே வேற."

படம் படுத்துவிட்டது. எங்கேயும் மறுபடி வரவில்லை. டிவி வந்த பிறகும் வரவில்லை. அப்படி ஒரு படம் வந்ததே பலருக்குத் தெரியாது.

அப்பா போன பிறகு அம்மாவும் அவளும் மாமா வீட்டில்தான் ஒண்டினார்கள். மாமா சோறு போட்டார், கூடவே தொட்டுக்கொள்ள ஏதாவது சொல்லுவார்.

"நிழலா நடிச்சாராம். சம்பளமும் நிழலாத்தான் வந்துச்சா?"

அம்மா விடமாட்டாள். "அண்ணா, அந்த ஹீரோ வலதுகைக்காரன். இவர் இடதுகை. கையெழுத்துப் போடறது, சுத்தியல் பிடிக்கறது, தீக்குச்சி கிழிக்கறது எல்லாம் இடது. என்னைக்காவது அந்தப் படம் கிடைக்கட்டும். அந்தக் கை சொல்லும் யாருன்னு."

"கிடைக்கட்டும், கிடைக்கட்டும். மாலை வாங்கி வைக்கறேன்."

மாமா செத்துப்போனார். படம் கிடைக்கவில்லை. அம்மாவின் கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, முதலில் ஓரங்கள் போயின, பிறகு ஒரு கண் முழுக்கப் போயிற்று. மற்றக் கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, "கொஞ்ச நாள்ல தெளிஞ்சிடும்மா" என்று அவள் சொன்னாள். தெளியாது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அம்மா நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி, இன்றைக்கு நேற்றைவிடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு நர்ஸ் வாய்தவறி உண்மையைச் சொன்னாள்.

அம்மா கத்தவில்லை. "நீ தர்றதுல எது மருந்து, எது சர்க்கரைன்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு எக்ஸ்ரே பிரிவில் வேலை. அங்கே கழுத்துவலியோடு ஒருவர் வந்தார். சாய்ந்து உட்கார்ந்து சினிமா பார்த்தே கழுத்தைக் கெடுத்துக்கொண்டவர் போலிருந்தார். ஏதோ திரைப்படச் சங்கத்தின் செயலாளராம். போகும்போது ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "வாங்களேன், யாருமே பார்க்காத படம். மூடிப்போன ஒரு தியேட்டரோட குடோன்ல கிடைச்சது. ஒரே ஒரு பிரதிதான்" என்றார்.

சீட்டில் படத்தின் பெயர் 'கீழ்வீட்டுக்காரன்' என்றிருந்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க?"

"நான் பார்த்துச் சொல்றேன்மா."

"சொல்லு. ஆனா பார்க்கறத அப்படியே சொல்லணும். சர்க்கரை தடவினே, உன் கையால அப்புறம் தண்ணிகூட குடிக்கமாட்டேன்."

"சத்தியமாம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை. நூலகத்துக்கு மேலே ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, முக்கால்வாசி நரைத்த தலைகள். அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டி, பவுடர் பூசி வந்திருந்தாள். ஒரு காது பவுடரில் வெள்ளையாக இருந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

செயலாளர் மைக்கைத் தட்டினார். "இந்தப் படம் ஏன் இவ்வளவு இருட்டுன்னு கேட்பீங்க. காசில்லை, அதனால இருட்டு. ஒரே விளக்கை வெச்சுக்கிட்டு எடுத்திருக்காங்க. இல்லாமையையே அழகாக்கறதுன்னா இதுதான். கடைசியில ஒரு நிழல் வரும், நல்லா கவனிங்க. கொல்லப் போறவன் ஒரு கணம் தயங்குவான். நம்ம ஹீரோ முகத்தையே காட்டாம, வெறும் நிழலால மனசாட்சியைக் காட்டியிருப்பார்."

"அவர் இல்ல" என்றாள் அம்மா உரக்க.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. "அம்மா, சும்மா இரு" என்று அவள் கையை அழுத்தினாள்.

"இல்லைன்னா இல்லைன்னுதானே சொல்லணும்."

விளக்கு அணைந்தது. அம்மாவுக்குத் திரை ஒரு சாம்பல் நிறச் சதுரம். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இருட்டில் எடுத்த படம் வேறு. அவள் அம்மாவின் காதோடு வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு விதவை மாடியில் குடியிருக்கிறாள். கீழ்வீட்டை வாடகைக்கு விடுகிறாள். வருகிறவன் பேச்சில் தேன் ஒழுகும் ஆள். பேங்கில் கையாடிவிட்டு, கூட வேலை பார்த்தவனைத் தீர்த்துக்கட்டி, பெயரை மாற்றிக்கொண்டு ஒளிய வந்தவன். விதவைக்கு அது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. போலீசுக்குப் போகமாட்டேன் என்கிறாள். அவனுக்குக் காபி கலந்து கொடுக்கிறாள். தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டதும் அவளுக்குத் தெரிகிறது. அப்போதும் காபி கொடுக்கிறாள்.

"நெஞ்சழுத்தக்காரி" என்றாள் அம்மா.

"உஷ்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"நீங்க வேணா பாருங்க தம்பி, எனக்குக் கண்ணு தெரியாது" என்றாள் அம்மா. அவர் அடங்கிவிட்டார்.

அவளுக்குப் பழைய படங்கள் பிடிக்காது. எல்லோரும் நாடகத்தில் பேசுகிற மாதிரி பேசுவார்கள். இதில் அப்படி இல்லை. முக்கியமான எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. காபி டம்ளரை அவன் வாங்குகிறபோது விதவை விரலை முன்னதாகவே எடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான், அவளுடைய பயம் முழுக்க அதில் இருந்தது. அவன் சிரிக்கும்போது முகத்தில் பாதிதான் வெளிச்சத்தில் இருந்தது. மறுபாதி என்ன செய்கிறது என்பது கடைசிவரை தெரியவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் பேச்சு நின்றுபோயிற்று. அம்மா தொடையில் கிள்ளினாள்.

"சொல்லுடி."

"மாடியில அவ உட்கார்ந்திருக்காம்மா. கதவுக்குத் தாழ்ப்பாள் போடலை."

"ஏன்?"

"தெரியல. படிக்கட்டு. ஆள் இல்லை. சுவர் மட்டும்தான். நிழல் வருதும்மா."

அம்மாவின் நகங்கள் அவள் கையில் பதிந்தன. இந்த முறை அம்மா யாரிடமும் எதையும் சொல்லத் திரும்பவில்லை. கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல், ஒன்றும் தெரியாத அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி. கோட்டு. பெரிசா, சுவர் முழுக்க. நின்னுட்டார். அய்யோ, நிழல் ஒல்லியாகுதும்மா... ஒரு கோடு மாதிரி... இப்ப மறுபடி அகலமாச்சு. தீப்பெட்டி எடுக்கறார். கையைத் தூக்கறார்."

"எந்தக் கை?"

அவள் பார்த்தாள். சுவரில் வலப்பக்கம் இருந்த முழங்கை வெளியே வந்து, சட்டென்று உரசியது. நிழலின் நடுவே ஒரு பொறி. படியேறுகிறவன் நமக்கு முதுகைக் காட்டித்தான் ஏறுவான். வலப்பக்கம் என்றால் வலது கைதான்.

"எந்தக் கைடி?"

சத்தியம் செய்திருந்தாள்.

"வலதும்மா."

அம்மாவின் நகங்கள் விலகின.

படம் அதற்குமேலும் ஓடியது. அவன் அடுத்த படியில் கால் வைக்கிறான். பலகை முறிகிற சத்தம், உடல் உருளும் சத்தம். சிகரெட்டின் கங்கு மட்டும் ஒவ்வொரு படியாக உருண்டு கீழே போகிறது. படியின் ஆணியை விதவையே பிடுங்கி வைத்திருக்கிறாள். மறுநாள் காலை, வாசலில் பலகையை மாட்டுகிறாள்: 'வீடு வாடகைக்கு.' பலகை புதிதல்ல. ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு கைதட்டியது. அதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை.

மாடிப்படி இறங்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"உங்க மாமா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்."

அந்த வாரம் வீட்டில் யாரும் செத்துப்போகவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குப் படுத்தாள். தலையணைக்கு அடியில் எப்போதும் இருக்கும் அடையாள அட்டையை எடுத்து அவளிடம் நீட்டி, "பெட்டியில போட்டு வை" என்றாள்.

ஒருநாள் துணி மடிக்கும்போது, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்.

"எதுக்காகப் பொய் சொன்னார்? நான் எதுவுமே கேக்கலையேடி. விளக்கு பிடிக்கறவர்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன். நிழலா நிக்கணும்னு நானா கேட்டேன்?"

"பொய்யா இருக்காதும்மா. வேற ஏதாவது..."

"சர்க்கரை வேண்டாம்னேன்."

ஆறுதலாகச் சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். ஒரு மனுஷனோடு கொஞ்ச காலம்தான் வாழ்ந்தாள் அம்மா. மிச்ச ஆயுளை அவர் சொன்ன ஒரு வார்த்தையோடு வாழ்ந்தாள். அந்த வார்த்தையும் போயிற்று. உண்மை சொல்வது நல்லது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இதைப் பற்றிச் சொல்லவில்லை.

எக்ஸ்ரே பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. பிலிமை வைக்கும்போது மூலையில் ஈயத்தில் செய்த ஒரு சின்ன எழுத்தை வைப்பார்கள், இடது என்றால் ஒன்று, வலது என்றால் ஒன்று. அது நிழலோடு நிழலாகப் பதியும். கையைக் கதவில் நசுக்கிக்கொண்ட ஒருவருக்குப் படம் எடுத்தபோது அவள் அதை வைக்க மறந்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து மறந்ததில்லை. எலும்பு டாக்டர் பிலிமைத் திருப்பி அனுப்பினார். கூட வேலை பார்க்கும் பெண் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, உங்களுக்கே அடி சறுக்கிடுச்சா? இது எந்தக் கைன்னு கேக்கறார்."

"இடது. கட்டைவிரல் எந்தப் பக்கம்னு பாரு."

"எந்தப் பக்கமா?" அந்தப் பெண் பிலிமை விளக்குப் பெட்டியில் சொருகினாள். பிறகு உருவி, திருப்பிச் சொருகினாள். "இப்ப வலது. பாருங்க. நிழலுக்கு ஏதுக்கா முன்பக்கம் பின்பக்கம்? நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிலிமைத் தானே உருவினாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். இடது, வலது, இடது.

நிழல் ஒல்லியாகுதும்மா. ஒரு கோடு மாதிரி. இப்ப மறுபடி அகலமாச்சு.

ஒரு ஆள் அப்படியே நின்றால் அவன் நிழல் ஒல்லியாகாது. திரும்பினால்தான் ஆகும். பக்கவாட்டில் வரும்போது கோடாகி, முழுக்கத் திரும்பியதும் மறுபடி அகலமாகும். அவர் திரும்பியிருக்கிறார். முதுகைச் சுவருக்குக் கொடுத்து, முகத்தை விளக்குக்குக் கொடுத்து. அதற்குப் பிறகுதான் தீக்குச்சி. நம்மைப் பார்த்து நிற்கிறவனுக்கு, நமக்கு வலப்பக்கம் இருப்பது இடது கை.

"அக்கா? தலை சுத்துதா?"

"இல்லை. இன்னொரு படம் எடுக்கணும், அவரைக் கூப்பிடு" என்றாள்.

மத்தியானம் செயலாளருக்குப் போன் போட்டாள். படம் போய்விட்டது என்றார் அவர். எங்கேயோ பெரிய ஊரில் குளிர்பதன அறையில் வைக்கப்போகிறார்களாம். இனி அதை ஓட்டினால் உடைந்து தூளாகிவிடும். "நல்லவேளை நீங்க பார்த்துட்டீங்க" என்றார்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிலிம், ஈய எழுத்து, ஒல்லியான நிழல், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் போனது. கட்டுப் பிரித்த அன்று பேசிய அதே குரல். அதே அவசரம்.

அம்மா முழுக்கக் கேட்டாள்.

"போதும்டி. உனக்கு நல்ல மனசு."

"அம்மா, நிஜமா."

"கண்ணு விஷயத்திலயும் நிஜம்னுதான் சொன்னே."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. உண்மை பிந்தி வந்தால் ஆறுதல் மாதிரிதான் கேட்கும். அதுவும் சர்க்கரை விற்ற கடையிலிருந்தே வந்தால்.

அவள் எழுந்தாள். ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். மேஜை விளக்கை எடுத்து வந்து தரையில், அம்மாவின் காலடியில் வைத்தாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினாள். வெள்ளைச் சுவர். விளக்கைப் போட்டதும் அம்மா அதன் பக்கம் தலையைத் திருப்பினாள். வெளிச்சமும் இருட்டும் மட்டும் அம்மாவுக்கு இன்னும் மிச்சம் இருந்தன.

"என்னடி பண்றே?"

"சுவரைப் பாரும்மா." விளக்குக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள். அவள் நிழல் எழுந்து கூரையில் முட்டியது. "கறுப்பா ஏதாவது தெரியுதா?"

"ஏதோ அசையுது."

கையைத் தூக்கினாள். "இப்ப எந்தப் பக்கம் கை?"

அம்மா கண்ணை இடுக்கினாள். "இந்தப் பக்கம்." வலது பக்கம் காட்டினாள்.

"இது என் வலது கை. நான் சுவரைப் பார்த்து நிக்கறேன். இப்பப் பாரு." மெதுவாகத் திரும்பினாள். விளக்கு அவள் முகத்தில் அடித்தது. கையைத் தூக்கினாள். "இப்ப?"

"அதேதான். அதே பக்கம்."

"இது இடது கைம்மா. தொட்டுப் பாரு."

அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து வந்தாள். தூக்கியிருந்த கையைத் தோளிலிருந்து தடவிக்கொண்டே போனாள். முழங்கை, மணிக்கட்டு, கடிகாரப் பட்டை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"படியேறிப் போறவர் எதுக்குடி திரும்பணும்?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. "தயங்கறாராம். மனசாட்சின்னு அந்தச் செயலாளர் சொன்னாரே."

"மனசாட்சியா?" அம்மாவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "விளக்கு. விளக்கைப் பார்த்திருக்கார். அவர் இங்க வந்து நின்னுட்டா அதை யாருடி பார்த்துக்கறது? எரியுதா, நடுங்குதா, சூடேறிடுச்சான்னு... வீட்லயே பல்பைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். இந்தப் பக்கம் என்னைப் பார்த்து உட்காருங்களேன்னா, விளக்குக்கு முதுகு காட்டிப் பழக்கமில்லைம்பார். அதையே கட்டிக்கிட்டிருக்கலாமேன்னு திட்டியிருக்கேன்."

அம்மா கடிகாரத்தை விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் விளக்கை அணைக்கப் போனாள்.

"அணைக்காதே. அங்கேயே நில்லு."

நின்றாள். விளக்கைப் பார்த்தபடி, இடது கையைத் தூக்கிக்கொண்டு. கண் கூசியது. விளக்குக்குப் பின்னால் அம்மா இருந்த இடம் வெறும் இருட்டாகத் தெரிந்தது. தோள் வலிக்க ஆரம்பித்தது.

"கொஞ்சம் கூன் போடு" என்றாள் அம்மா. "உங்கப்பா அவ்வளவு நிமிர்ந்து நிக்கமாட்டார்."

அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்."